வெள்ளிக்கிழமை வரைக்கும்

தம்பிராசா தோட்டத்தால் வந்து படலையைத் திறந்தபோது, விறாந்தைக் கட்டிலில் ஒரு குரக்கன் மூட்டை அவருடைய வேட்டியைப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தது. தலைமாட்டில் அவர் மகள் குணலட்சுமி கையில் ஈரத்துணியோடு நின்றாள். மூட்டையின் ஒரு மூலையைத் துடைத்தாள், வேறு துணியால் ஒற்றினாள், வேட்டியால் மூடினாள், பிறகு மற்ற மூலைக்குப் போனாள்.

“மூட்டைக்கு என்ன பிள்ளை, காய்ச்சலோ?”

“பகிடி விடாதையுங்கோ அப்பு. வெள்ளிக்கிழமை சோதினை.”

“சோதினையிலை சாக்கைக் குளிப்பாட்டச் சொல்லுவினமோ?”

“ஆளைக் குளிப்பாட்டச் சொல்லுவினம். எழும்ப ஏலாத ஆளைக் கட்டிலிலை வைச்சே, பாய் படங்கு நனையாமல். கிடக்கிறதுக்கு இஞ்சை எனக்கு ஒருத்தருமில்லை.”

“நான் கிடப்பன். ஆனா என்ரை ஊத்தைக்கு உந்தச் சட்டித் தண்ணி காணாது. கிணத்தைத்தான் இறைக்கவேணும்.”

அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை வெயில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பட்டணத்துப் பெண்கள் ஆஸ்பத்திரியில் நேர்முகப் பரீட்சை. போகிறவர்கள் எத்தனை பேரோ, எடுக்கப்போவது இரண்டு பேரை.

அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் தாதிப் படிப்புப் படித்துத் தை மாதம் பத்திரம் வாங்கிக்கொண்டு நீர்வேலிக்கு வந்தவள். பதினைந்து வயதில் நெருப்புக்காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். பிள்ளை எழும்பி நடந்தால் நீங்கள் என்ன கேட்டாலும் தருவேன் என்று தம்பிராசா அன்றைக்கு அங்கே சொல்லிவிட்டார். சில வருடம் கழித்து அவர்கள் பிள்ளையையே கேட்டார்கள். சொன்ன சொல்லை விழுங்கத் தெரியாத மனிதர், அனுப்பிவைத்தார்.

ஊருக்கு என்ன சொல்வது என்பதை அவருடைய தமக்கை பராசக்தி பார்த்துக்கொண்டாள். பிள்ளை அங்கே ரீச்சர் வேலைக்குப் படிக்கிறது என்று வாய் வலிக்கச் சொன்னாள். ஊரும் ‘ஓம் ஓம்’ என்று கேட்டுக்கொண்டு அப்பால் போய், தம்பிராசன் மகளை மலச்சட்டி தூக்க விட்டிருக்கிறான் என்று கதைத்தது. போன வருடம் உடுப்பிட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கோப்பி குடித்து முடியும்வரை நன்றாகத்தான் இருந்தார்கள். பிள்ளை என்ன படிப்பு என்று கேட்டபோது, பராசக்தி கண்ணைக் காட்டக் காட்டத் தம்பிராசா உள்ளதைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வெற்றிலைத் தட்டத்தில் ஒருவரும் கைவைக்கவில்லை. வெயிலுக்கு முதல் போகவேண்டும் என்று எழும்பிப் போனார்கள்.

இவற்றையெல்லாம் குணலட்சுமி பொறுத்துக்கொள்வாள். வேலை கிடைத்துவிட்டால் மூன்று வருடத்து ஏச்சுப்பேச்சுக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும். கிடைக்காவிட்டால் வீட்டோடு இருக்கவேண்டியதுதான், அதுவும் மலச்சட்டி தூக்கக்கூட உதவாதவள் என்ற பெயரோடு. அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது தாய் இரத்தினம்மா ஒருத்திதான்.

இரத்தினம்மா ஏசினதில்லை. போகாதே என்று தடுத்ததுமில்லை. ஆனால் ‘நேர்சு’ என்ற சொல்லை அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ‘உந்த வேலை’, ‘உந்தப் படிப்பு’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதைவிடப் பெரிது கோயில். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைமுழுகிப் பூத்தட்டோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனவள், மகள் படிக்கப்போன முதல் வருடத்தோடு அதை விட்டுவிட்டாள். சாமி அறைக்குள்ளும் கால் வைப்பதில்லை. விளக்குக் கொளுத்துவது தம்பிராசா. கேட்டால் முழங்கால் நோ என்பாள். அந்த முழங்காலோடுதான் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை தோட்டத்தில் நின்றாள். இதற்குக் கணக்குப் பார்க்கக் குணலட்சுமிக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. கோயில் வீதியில் நாலு சனத்தின் முகத்தில் முழிக்க அம்மாவுக்கு வெட்கம், அந்த வெட்கம் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்தத் தாய்தான் இப்போது அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“அந்தச் சாக்கை இறக்கு. திங்கிற சாமானை நோயாளி ஆக்காதை. நான் கிடக்கிறன்.”

“சுகமாயிருக்கிற ஆள் நோயாளி மாதிரிக் கிடக்கிறது கூடாது, வருத்தத்தைக் கூப்பிடுறமாதிரி எண்டு காலமை சொன்னீங்கள்.”

“சொன்னனான்தான். கொப்பர் உன்னைப் பகிடி பண்ணுறதைப் பாத்துக்கொண்டு நிக்கவோ? முகம், கை, கால். அவ்வளவுதான்.”

படுக்க முதல் சீலையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகினாள். தம்பிராசா இது பெண்டுகளின் அலுவல் என்று தோட்டத்துப் பக்கம் நழுவிவிட்டார்.

முகத்தில் தொடங்கவேண்டும். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடைக்கவேண்டும். துடைக்கிற இடம் மட்டும் வெளியே, மற்றதெல்லாம் போர்வைக்குள். குணலட்சுமி வாய்க்குள் சொல்லிச் சொல்லிச் செய்தாள். தாயின் விரல்களில் புகையிலைக் கயர் கறுப்பாகப் பிடித்திருந்தது. தேசிக்காய்ப் பாதி ஒன்று எடுத்துவந்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள்.

“தண்ணி சுடுதோ அம்மா?”

“இல்லை. நல்லாயிருக்கு.”

கொஞ்ச நேரத்தில் இரத்தினம்மாவுக்குக் கண் செருகிவிட்டது. பகலில் படுத்தறியாத உடம்பு, யாரோ துடைத்துவிடும் சுகத்தில் தன்னை மறந்தது. குணலட்சுமிக்குப் பரீட்சை ஞாபகம்தான். காலை முடித்ததும், வாட்டில் சொல்லுகிறது போலவே, “அந்தப் பக்கம் திரும்புங்கோ” என்றாள். தாய் அரைத்தூக்கத்தில் திரும்பினாள். சீலை விலகியது.

உள்ளே பழஞ்சீலைத் துண்டொன்று கோவணம்போல இறுக்கிக் கட்டியிருந்தது. அதில் ரத்தமும் நீருமாய்க் கறை. மணத்தைக் குணலட்சுமி உடனே அறிந்தாள். வாட்டுக்குள் கால் வைத்தவுடன் எந்தக் கட்டிலில் அந்த மணம் என்று சொல்லக்கூடியவள் அவள். தன் வீட்டில் அது இருந்ததை இத்தனை நாளும் அறியவில்லை.

இரத்தினம்மா திடுக்கிட்டு எழும்பிக் குந்திக்கொண்டு சீலையைக் கால்வரை இழுத்து மூடினாள்.

“முகம், கை, கால் எண்டெல்லோ சொன்னனான்.”

“உது என்ன அம்மா?”

“பொம்பிளையளுக்கு வாறதுதான்.”

“உது மாதத்துக்கு வாறதில்லை. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சால் பேந்து ஏன் கேக்கிறாய்?”

“கர்ப்பப்பை கீழை இறங்குதோ?”

முற்றத்தில் ஒரு கோழி நெல்லுப் பாயை நோக்கி வந்தது. இரத்தினம்மா அதைக் கைதட்டி விரட்டினாள்.

“பாரம் தூக்கினா இறங்கும்,” என்றாள். “கையாலை உள்ளை தள்ளிப்போட்டு வேலையைப் பாப்பன். முந்தி இரவு படுத்தால் தன்பாட்டிலை போயிடும். இப்ப கொஞ்சநாளாப் போறேல்லை. உரசி உரசிப் புண்ணாப்போச்சு.”

“எப்ப தொடக்கம்?”

“அந்தப் பிள்ளை போனதிலை இருந்து.”

குணலட்சுமி படிக்கப்போன முதல் வருடத்தில் இரத்தினம்மாவுக்குக் காலம் தப்பி ஒரு பிள்ளை வந்து, செத்துப் பிறந்தது. மருத்துவிச்சி வந்து வீட்டிலேயே பார்த்தாள். துடக்குக் கழிந்த பிறகுதான் மகளுக்கு அறிவித்தார்கள். அந்த முறை புகையிலைக்குத் தண்ணீர் காணாத வருடம். பெற்ற பச்சை உடம்போடு இரத்தினம்மா தோட்டத்துக்கு இறங்கினாள் என்பதைத் தம்பிராசா பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

“ஆரிட்டையும் சொல்லேல்லையோ?”

“ஆரிட்டைச் சொல்லுறது? கொப்பரிட்டையோ? மச்சாளிட்டைச் சொன்னால் சந்தைவரைக்கும் போகும்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“நீ லீவிலை வெள்ளைச் சீலையோடை வந்து இறங்குவாய். நாலு நாள் நிண்டிட்டுப் போயிடுவாய். அதுக்குள்ளை உந்தக் கதையை எப்பிடி எடுக்கிறது? அங்கை ஊர்ச்சனத்தின்ரை ஊத்தையெல்லாம் அள்ளிப்போட்டு வாற பிள்ளை, வீட்டிலையும் வந்து அள்ளவேணுமோ எண்டு விட்டிட்டன்.”

குணலட்சுமி கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். பிழிவதற்கு அதில் தண்ணீர் இருக்கவில்லை.

“அப்ப கோயிலுக்குப் போறேல்லை எண்டது?”

“பின்னை? இது துடக்கெல்லோ. நிண்டாலெல்லோ முழுகிப்போட்டுப் போகலாம். நிக்காத துடக்கோடை ஆர் கோயில்படி மிதிப்பினம்? சமைக்கிறதே குற்றம். சமைக்காட்டிக் கொப்பர் பட்டினி. அதுக்குப் பிள்ளையார் பொறுப்பார் எண்டு சமைக்கிறன். அவரின்ரை வாசலுக்குப் போறது வேறை கதை.”

“நான் நினைச்சன், நான் உந்த வேலைக்குப் போனபடியாலை வெக்கத்திலை போறேல்லையெண்டு.”

இரத்தினம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“விசர்க்கதை கதைக்காதை. நீ படிக்கப்போனதுக்கு நான் ஏன் பிள்ளையாரைக் கும்பிடாமல் விடுறன்?”

தலையில் இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டிய நேரம் அது. இறங்கவில்லை. தாய் நடந்த நடையை, இருந்த இருப்பை, கோயிலுக்குப் போகாததை எல்லாம் மூன்று வருடமாகக் கண்ணால் கண்டுகொண்டுதான் இருந்தாள் குணலட்சுமி. கண்டதையெல்லாம் தன்னைப்பற்றிய கதையாக்கித் தானே மனம் நொந்துகொண்டாள். படிப்புப் படித்த பிள்ளை என்று நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

“ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் அம்மா.”

“எந்த ஆஸ்பத்திரிக்கு?”

தாய் சும்மாதான் கேட்டாள். மகள் இரண்டு ஆஸ்பத்திரியையும் நினைத்துப் பார்த்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனால், கூடப் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் சுற்றி நின்று, எத்தனை வருடமாக என்று கேட்பார்கள். நீ அப்போதெல்லாம் எங்கே இருந்தாய் என்று கேட்கமாட்டார்கள். கேட்காமல் பார்ப்பார்கள். பட்டணத்துக்குப் போனால் அங்கேதான் வெள்ளிக்கிழமை பரீட்சை. பெற்ற தாயை இந்தக் கோலத்தில் வைத்திருந்தவளைப் பிறத்தியாருக்குத் தாதியாக யார் எடுப்பார்கள்?

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ,” என்றாள். “சோதினை முடிஞ்ச உடனை கூட்டிக்கொண்டு போறன்.”

“ஓம் ஓம். முதல் உன்ரை அலுவல் முடியட்டும்,” என்றாள் இரத்தினம்மா. அவள் முகத்தில் தப்பினேன் என்ற தெளிவு வந்தது. குணலட்சுமிக்கும் வந்தது. வந்ததை அவள் உணர்ந்தாள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பனி இறங்கி வெயில் காய்ந்தது. புகையிலை மார்பளவு நின்றது. இலை இடுக்கில் அரும்பும் கெட்டுகளை நாள் தவறாமல் முறித்தெறியவேண்டிய பருவம். லீவில் வந்தால் கெட்டு முறிப்பது எப்போதும் குணலட்சுமியின் வேலை. செவ்வாய்க்கிழமை காலை அவள் பழஞ்சீலை உடுத்துத் தோட்டத்துக்கு இறங்க, இரத்தினம்மா வரம்பில் வந்து மறித்தாள்.

“நீ போ. கயர் பிடிச்சால் நகத்தை விட்டுப் போகாது. சோதினைக்குப் போற கை.”

“நீங்கள் குனியக்கூடாது அம்மா.”

“மூண்டு வருசமாக் குனியாமலோ நிண்டனான்? போய்ச் சீலையை மினுக்கு.”

அவள் போனாள். ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் சிரட்டைக் கரி போட்டு வெள்ளைச் சீலையை மினுக்கினாள். கன்வஸ் சப்பாத்துக்குச் சுண்ணாம்புத்தூள் பூசி வெயிலில் வைத்தாள். ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு மறுமொழியை இங்கிலீசில் பாடமாக்கினாள். துன்பப்படும் மனுக்குலத்துக்குத் தொண்டு செய்ய என்று அது தொடங்கும். மனுக்குலம் வேலிக்கு அப்பால் புகையிலைக்குள் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றது. குணலட்சுமி பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாள்.

தன்னால் ஆனதைச் செய்யாமல் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தாய்க்கு முதல் ஓடிப்போய்த் தூக்கினாள். வேப்பிலையும் உப்பும் போட்டுத் தண்ணீர் அவித்துக் கொடுத்தாள். ஒடியற்கூழ் காய்ச்சினாள். இரத்தினம்மா பிலாவிலையைக் கோலி நாலு வாய் குடித்துவிட்டு, “உப்புக் காணாது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் காய்ச்சியிருக்கிறாய்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் மகள் உப்புச் சிரட்டையைத் தேடப்போனாள்.

வியாழக்கிழமை பொழுதுபடத் தம்பிராசா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அவர்களுடையது பங்குக் கிணறு. வெள்ளிக்கிழமை இறைப்பு முறை அவருடையது. அதைத் தவறவிட்டால் மற்றவர்கள் முறை முடிந்துதான் துலா அவர் கைக்கு வரும். அதற்குள் புகையிலை சுருண்டுவிடும்.

“குமர்ப்பிள்ளையைத் தனியப் பட்டணத்துக்கு விட ஏலாது. நீர் போவீரோ?” என்று மனைவியைக் கேட்டார்.

“வேண்டாம் அப்பு,” என்றாள் குணலட்சுமி. “வண்டிலிலை அந்தத் தூரம் அம்மாவுக்கு ஏலாது.”

“ஏன் ஏலாது? முழங்காலோ?”

மகள் தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தாள்.

“நான் போறன்,” என்றாள் இரத்தினம்மா. “நல்லூர் வெளிவீதியால்தானே வண்டில் போகும். உள்ளுக்குப் போகாட்டியும் கோபுரத்தையாவது பாக்கலாம்.”

வெள்ளிக்கிழமை விடியப் பராசக்தி திருநீற்று மடலோடு வந்து நின்றாள். மருமகளின் வெள்ளைச் சீலையையும் சப்பாத்தையும் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“சந்தியிலை ஆரும் கேட்டால் பள்ளிக்கூட விஷயமாப் போறமெண்டு சொல்லு பிள்ளை. வாய் தவறிப்போடாதை. சீலைக்கு மேலை ஒரு சால்வையைப் போர்த்துக்கொண்டு போ.”

“ஓம் மாமி.”

இரத்தினம்மா திருநீற்றுக்குக் கை நீட்டவில்லை. வண்டில்காரர் செல்வரட்ணத்தின் ஒற்றை மாட்டுத் திருக்கல் படலையில் வந்து நின்றது. அதில் வைக்கோலைக் கனமாய்ப் பரப்பச் சொல்லியிருந்தாள் குணலட்சுமி. அப்படியிருந்தும் கோப்பாய்ச் சந்திப் பள்ளத்தில் சில்லு இறங்கி ஏறியபோது தாய் சட்டத்தைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. நல்லூரில் செல்வரட்ணம் மாட்டை மெல்ல விட்டார். இரத்தினம்மா கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். எனக்காகக் கும்பிடுகிறாள் என்று குணலட்சுமிக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் வாங்கு போட்டிருந்தது. முன்னமே வந்திருந்த பெண்கள் கைக்கடிகாரமும் பின்னலுமாய் இருந்து இங்கிலீசில் மெல்லக் கதைத்தார்கள். இரத்தினம்மா வாங்கின் அந்தத்தில் பாதி இருப்பு இருந்தாள், உடனே எழும்பினாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் இருந்தாள். அவள் எழும்பியபோது சீலையின் பின்பக்கத்தில் சல்லிக்காசளவு ஒரு நனைவு தெரிந்தது. வாங்கில் இருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு மற்றவளைப் பார்த்தாள்.

குணலட்சுமிக்கு முகம் எரிந்தது. தாயின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். மாமி சொன்னபடி போர்த்துவந்த சால்வையை எடுத்துத் தாயின் இடுப்பைச் சுற்றிப் போட்டாள்.

“அம்மா, அந்த வேம்புக்குக் கீழை போய் நில்லுங்கோ. அங்கை நிழல்.”

“இஞ்சையும் நிழல்தானே பிள்ளை?”

“இஞ்சை உள்ளுக்கிருந்து பாப்பினம்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்குக் கேட்டது. இரத்தினம்மா முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு, கால்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து வைத்து, முற்றத்து வெயிலைக் கடந்து வேம்பை நோக்கிப் போனாள்.

தலைமைத் தாதியான மேற்றன் மிஸிஸ் செபநாயகம் ஐம்பது வயது மதிக்கத்தக்க, தலை நரைத்த மனுசி. இங்கிலீசில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மூன்றாவதைத் தமிழுக்கு மாற்றினார். பாடமாக்கிய மறுமொழியை அவர் கேட்கவே இல்லை. நேரே வாட்டுக்குக் கூட்டிப்போய், ஜன்னலோரம் கிடந்த ஒரு கிழவியைக் காட்டி, “இவவைக் குளிப்பாட்டும் பாப்பம்” என்றார்.

குணலட்சுமி குளிப்பாட்டினாள். முகம், கழுத்து, கை, விரல் விரலாக. கால் முடிந்தது. அந்தப் பக்கம் திரும்புங்கோ ஆச்சி என்றாள். திங்கட்கிழமை விட்ட இடம் அது. அதற்கு மேல் கைகள் தாமாகவே செய்துகொண்டு போயின. படங்கில் ஒரு சொட்டு விழவில்லை. கிழவி, உன்ரை கை நல்ல கை பிள்ளை என்றாள்.

“நல்லாச் செய்தீர்,” என்றார் மேற்றன். “இண்டைக்கு வந்ததுகளுக்குள்ளை ஒருத்தி நீர்தான் பாய் நனையாமல்...” என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தி ஜன்னலால் வெளியே பார்த்தார்.

“உந்த மனுசி ஆர்? அந்த வேம்புக்குக் கீழை நிக்கிறவ. நான் உள்ளை வரேக்கையும் நிண்டா. இருக்கப் பாக்கிறா, ஏலாமல் எழும்புறா. உது அடி இறங்கின ஆள் நிக்கிற நிலையெல்லோ. ஆரோடை வந்தவ?”

குணலட்சுமி துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்காமல் இருந்தால் இன்னொரு விநாடியில் மேற்றன் யாரையாவது அனுப்பி விசாரிப்பார். அந்த மனுசி தான் யாரோடும் வரவில்லை என்றுதான் சொல்லுவாள். அதைக் குணலட்சுமி நிச்சயமாக அறிவாள். சோதனை முடிந்து, பெயரும் வந்து, எல்லாம் நல்லபடி நடந்துவிடும்.

“என்ரை அம்மா,” என்றாள்.

மேற்றன் திரும்பினார்.

“உமக்குத் தெரியுமோ, அவவுக்கு என்ன வருத்தமெண்டு?”

“தெரியும். புண்ணும் வந்திட்டுது. ரத்தமும் போகுது.”

“எப்ப கண்டனீர்?”

“திங்கக்கிழமை.”

“இண்டைக்கு வெள்ளி.”

“ஓம்.”

“வண்டில் கிடைக்கேல்லையோ?”

“வண்டில் இருந்தது. இந்தச் சோதினை முடியட்டுமெண்டு...” அவள் துணியைச் சட்டிக்குள் போட்டாள். “அவவைக் கண்டால் என்னை எடுக்கமாட்டியள் எண்டு நினைச்சன். நான்தான் அங்கை போய் நில்லுங்கோ எண்டு விட்டனான்.”

மேற்றன் ஏசுவார் என்று குணலட்சுமி காத்து நின்றாள். ஏசினால் நல்லது என்றிருந்தது. அவர் மூலையில் இருந்த பேசினில் கைகளைக் கழுவினார், நெடுநேரம் துடைத்தார்.

“அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்,” என்றார். “நடத்தவேண்டாம். வாசலிலை தள்ளுவண்டில் நிக்குது, அதிலை ஏத்தும். கட்டில் நான் பாக்கிறன்.”

வேலையைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. குணலட்சுமி கேட்கவுமில்லை.

டொக்டர் பார்த்தார். புண் ஆறும்வரை எழும்பக்கூடாது, ஆறிய பிறகு ஒப்பரேசன், உயிருக்குப் பயமில்லை, இன்னும் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ சொல்ல ஏலாது என்றார். செல்வரட்ணத்திடம் தம்பிராசாவுக்குச் சொல்லிவிட்டார்கள். என்ன வருத்தம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் அண்ணை என்றாள் குணலட்சுமி. அந்த மனிதர் கூச்சத்தில் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு ஓம் என்றார்.

ஒரு தாதிப்பெண் மறைப்பைக் கட்டிலோரம் இழுத்து வைத்தாள். சட்டியில் வெந்நீர் வந்தது. மேற்றன் எட்டிப் பார்த்து, “எங்கடை பிள்ளையள் மற்ற வாட்டிலை. நீரே கழுவி விடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது தண்டனையா தயவா என்று குணலட்சுமிக்கு விளங்கவில்லை.

அவள் திங்கட்கிழமை விட்ட இடத்தில் தொடங்கினாள். அந்தப் பழஞ்சீலைத் துண்டை அவிழ்த்தாள். தாய் முதலில் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“நோகுதோ?”

“இல்லை. நீ மெல்லத்தான் செய்யிறாய்.”

அவள் துணியைப் பிழிந்து மறுபடியும் ஒற்றினாள்.

“பிள்ளை, உன்னை எடுத்தினமோ?”

“தெரியாது அம்மா.”

“ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொல்லேல்லை.”

இரத்தினம்மா கண்ணைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது. புண்ணைத் தொட்டபோது கலங்காத கண்.

“நான்தான் வந்து கெடுத்துப்போட்டன், என்ன? நீ சொன்னமாதிரி அங்கை ஆடாமல் அசையாமல்தான் நிக்கப் பாத்தனான். கால் கேக்கேல்லை. நான் ஒழுங்கா நிண்டிருந்தால் அந்த அம்மா கண்டிருக்கமாட்டா. குறைநினையாதை பிள்ளை.”

குணலட்சுமியால் அதற்கு மேல் துடைக்க முடியவில்லை. மறைப்புக்குள் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சத்தம் வராமல் அழுதாள். மூன்று வருடம் தன்னைப் பார்த்துத் தாய் வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அழுதவள். இன்றைக்கு வெட்கப்படவேண்டியவள் யார் என்பதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அம்மா, நான்தான் உங்களை வெயிலுக்குள் அனுப்பினேன் என்று சொல்லப் பார்த்தாள்.

மறைப்புக்கு அப்பால், அடுத்த கட்டிலில் யாரோ செருமினார்கள். சோனகதெருவிலிருந்து வந்து கிடக்கும் சுஹறா என்ற பெண்.

“அங்கை ஆர் நிக்கிறது? கொஞ்சம் தண்ணி எடுத்துத் தருவியளோ? நா வறளுது,” என்று கேட்டாள்.

குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வாய் திறப்பதற்கு முதல், இரத்தினம்மா படுத்தபடியே வாட்டு முழுவதும் கேட்கும்படி மறுமொழி சொன்னாள்.

“பொறு தங்கச்சி, இப்ப வருவா. என்ரை மகள். இஞ்சை நேர்சு.”

குணலட்சுமி தாயைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல முடியவில்லை. போர்வையைத் தாயின் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தண்ணீர் எடுக்கப் போனாள்.